கையெழுத்துப் போட்டு வாங்கிய கொடி

குழம்பில் உப்பே போடாமல் ஒரு நாள் பரிமாறிப் பார்த்தேன். என் கணவர் சாப்பிட்டார், கையைக் கழுவினார், பால்கனி ஓரமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான். இட்லி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சொல்வார். ரசத்தில் மிளகு எந்த அளவுக்குப் பொடிந்திருக்கிறது என்று விரலால் தேய்த்துப் பார்த்துச் சொல்வார். இந்த மனுஷன் ஒரு வேளையாவது வாயை மூடிக்கொண்டு சாப்பிடக் கூடாதா என்று நான் வேண்டாத சாமி இல்லை. சாமி கொஞ்சம் தாமதமாகக் கேட்டுவிட்டது. போன சித்திரையில் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மேனாம்பேட்டில் இந்த ஃபிளாட்டின் மூன்றாவது மாடிக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து "ம்", "போதும்", "வை" என்ற மூன்று சொல்லிலேயே பொழுதை ஓட்டினார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம், சர்க்கரை, எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரிடமும் "ம்" என்றுதான் சொன்னார்.

எங்கள் பால்கனி மேற்கே பார்த்தது. இரண்டு பேர் நின்றால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். தரையில் தொட்டி வைத்தால் துணி காயப் போட வழி இருக்காது. அதனால் பெங்களூரிலிருந்து வந்த மகள், புது வீட்டுக்குப் பரிசாக மூன்று தொங்கும் தொட்டிகளை வாங்கிவந்து கம்பியில் மாட்டினாள். ஒன்று மணி பிளான்ட். இன்னொன்றுக்கு வெற்றிலை போல இலை. மூன்றாவதற்கு மெழுகில் வார்த்த மாதிரி தடித்த இலைகள், மொத்தம் ஏழே ஏழு. பெயரெல்லாம் சொல்லித்தான் கொடுத்தாள். அவள் ரயில் ஏறுவதற்குள் எனக்கு மறந்துவிட்டது.

அவர் தொட்டிகளை அண்ணாந்து பார்த்தார். குவார்ட்டர்ஸில் பின்பக்கம் பூசணியும் புடலையும் போட்டவர்.

"காய்க்குமா?" என்றார்.

"காய்க்காதாம்."

"பூக்குமா?"

"அந்தத் தடிச்ச இலைக்காரி பூப்பாளாம். ரெண்டு மூணு வருஷம் ஆகுமாம்."

"அப்புறம் எதுக்கு?"

அந்த வாரத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். எனக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது. இந்தச் செடிகளை எப்படியாவது நன்றாக வளர்த்துவிட்டால், குறை சொல்லவாவது வாயைத் திறப்பார் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

கத்திரி வெயில் என் கணக்கைப் பார்த்துச் சிரித்தது. மூன்று மணிக்கு மேல் எங்கள் பால்கனிக் கம்பியைத் தொட்டால் விரல் சுடும். பாவம், வாடுகிறதே என்று நான் வேளைக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். அதிலும் ஒரு சாமர்த்தியம் செய்தேன். குடிதண்ணீர் சுத்தம் பண்ணும் மெஷின், ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒன்றரைக் குடம் கழிவுத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அதை வீணாக்குவானேன் என்று வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினேன். இந்தப் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு முழுவதையும் வடிகட்டி என் கையாலேயே வேருக்கு ஊட்டியிருக்கிறேன். மண்மேல் வெள்ளையாகப் படிந்தபோது உரம் பிடித்திருக்கிறது என்று நினைத்த புத்திசாலி நான். ஆனி பிறக்கும்போது மணி பிளான்ட் போய்விட்டது. வெற்றிலை இலைக்காரியும் போய்விட்டாள். மெழுகுக்காரி மட்டும் அதே ஏழு இலையோடு, சாகவும் மாட்டேன் வளரவும் மாட்டேன் என்று தொங்கினாள். வீட்டில் அப்படி ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. அதில் இருப்பவள் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள். மாவு அரைத்து விற்கிறாள். ஒன்று விட்டு ஒரு நாள் எங்கள் மாடிக்கு இட்லி மாவு கொண்டுவருவாள். அன்றைக்கு வந்தவள் பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னா யக்கா, செடி வளக்கறியா, இல்ல வடாம் காய வச்சுகீறியா?"

நான் என் சோகத்தைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மணி பிளான்ட்ட துட்டு குடுத்து வாங்குனா எங்கனா வருமா? அத்த சுட்டுகினு வந்து வைக்கணும் யக்கா. நம்ம ஊட்டு முருங்கமரத்துல பாரு, எப்புடி ஏறிகினு கீது. அது நா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல சுட்டது."

சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். முருங்கை மரத்தைச் சுற்றி உச்சி வரைக்கும் ஏறியிருந்தது. ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

"எனக்கு ஒரு துண்டு குடேன்" என்றேன்.

"அய்யே! குடுக்கக் கூடாது. குடுத்தா என் ஊட்டு லச்சுமி பூடுவா. நீயும் கேக்கக் கூடாது, கேட்டா உனுக்கு வளராது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளிக்குப் பதினோரு மணிக்கு நா உள்ள கிரைண்டர் போட்டுகினு குந்திகினு இருப்பேன். எதுவும் காதுல விழாது. துணி தொவைக்கிற கல்லு மேல கத்திரி இருக்கும். அத்த நா ஏன் அங்க வச்சேன்னு எனுக்கே தெரியாது. சரியா?"

திருட்டுக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு முழங்கால் வலி. மூன்று மாடி இறங்கி ஏற லிஃப்ட் இருக்கிறது, அவள் வீட்டு வாசலில் சாக்கடைக்கு மேலே போட்ட கல்லைத் தாண்ட லிஃப்ட் இல்லை. தவிரவும் அவரை வீட்டை விட்டு வெளியே கிளப்ப ஒரு சாக்கு வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் முப்பத்தாறு வருஷ சர்வீஸும் இருந்தது.

அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிற்சாலை வாசலில் தினமும் சாயங்காலம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். உடம்பைத் தடவிப் பார்த்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள். உள்ளேயிருந்து ஒரு குண்டூசி வெளியே வர வேண்டுமானாலும் கேட் பாஸ் வேண்டும், அதில் அதிகாரி கையெழுத்து வேண்டும். அவர் டப்பாவை வீட்டுக்குள் நுழைந்தும் என்னிடம் திறந்து காட்டுவார். பழக்கம்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போனார். பத்தே நிமிஷத்தில் திரும்பினார். கையில் ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு துண்டுக் கொடி. சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். நோட்டுக் காகிதத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. பொருள்: மணி பிளான்ட் கொடி. அளவு: ஒரு முழம், கணு மூன்று. திருப்பித் தர வேண்டியதா: இல்லை. அனுமதிப்பவர் என்ற இடத்தில் அவள் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். கார்பன் வைத்து இன்னொரு பிரதியும் அவளிடம் கொடுத்திருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து சத்தம் வந்தது. அவள் சுவரோரம் நின்று மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"யக்கா! நா திருடு போவணும்னு கிரைண்டர போட்டுகினு குந்திகினு கீறேன், உங்க ஊட்டுக்காரரு கதவத் தட்டி கையெழுத்து கேக்கறாரு! நா எதோ சாக்கடைக்கு மனு போலன்னு போட்டுட்டேன் யக்கா!"

அவர் ஒன்றும் கேட்காதவர் போல நாற்காலிக்குப் போய்விட்டார். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபமும் வந்தது. ஒரு கொடியைக்கூடத் திருடத் தெரியாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று இருந்தது.

கையெழுத்துப் போட்டு வந்த கொடி, ஆடி ஆவணியில் நல்லபடியாகவே இருந்தது. இரண்டு இலை விட்டது. கழிவுத் தண்ணீரை நிறுத்தியிருந்தேன். மேல்வீட்டு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன், அதில் உப்பு இல்லை. மாவுக்காரி வரும்போதெல்லாம் அதைச் சந்தேகமாகப் பார்த்தாள். "இரு யக்கா, மழை வரட்டும்" என்றாள்.

ஐப்பசியில் வந்தது. நாலு நாள் விடாமல் கொட்டியது. அவள் வீட்டு வாசலில் கணுக்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தலையில் மாவுத் தூக்கோடு வருவாள். மேல்வீட்டுப் பால்கனியிலிருந்து வடிகிற தண்ணீர் நேராக எங்கள் தொட்டிக்குள் விழுந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காததோடு, மழை நின்ற ஐந்தாம் நாள் காலை வழக்கம்போல ஒரு சொம்பும் ஊற்றினேன். இலை மஞ்சளாகி, தண்டு கறுத்து, தொட்டால் குழைந்தது. பிடுங்கினால் வேர் இருந்த இடத்தில் ஒரு நாற்றம் மட்டும் இருந்தது.

"நா சொன்னேன்ல? கையெழுத்து போட்டா இப்புடித்தான்" என்றாள் மாவுக்காரி.

அன்று ஒரு அதிசயம் நடந்தது. அவர் எழுந்து வந்தார். தொட்டியை இறக்கினார். செய்தித்தாளை விரித்து மண்ணைக் கொட்டினார். தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஓட்டை அடைச்சிருக்கு" என்றார்.

தொட்டியின் அடியில் நாலு வட்டம் கோடு போட்டிருந்தது. நாம்தான் அதைக் குத்தித் திறக்க வேண்டுமாம். ஆறு மாதமாக எந்தச் செடிக்கும் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்க்ரூடிரைவரைக் காய்ச்சி நாலு ஓட்டையும் போட்டார். பிறகு ஒரு அட்டையில் சிவப்பு மசியால் ரிஜெக்ட் என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் நீர் தேக்கம், பராமரிப்புக் குறை என்று எழுதி, கம்பியில் நூல் போட்டுக் கட்டினார். அந்த அட்டை பத்து நாள் தொங்கியது. வருகிறவர்கள் எல்லாம் படித்தார்கள். பராமரிப்பு யார் என்று எவரும் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

கார்த்திகையில் இன்னொரு கேட் பாஸ் எழுதி இன்னொரு துண்டு வாங்கிவந்தார். இந்த முறை அவள் கையெழுத்தே போடமாட்டேன் என்றாளாம். ரொம்பக் கெஞ்சியிருக்கிறார். யாரிடமாவது கெஞ்சும் அளவுக்குப் பேசினாரே என்று எனக்கு மனசு நிறைந்தது. ஆனால் பேச்செல்லாம் வாசலோடு சரி, என்னிடம் அதே மூன்று சொல்தான். காலையில் எழுந்தால் நேராகத் தொட்டி. மண்ணுக்குள் விரலை விட்டு இரண்டாவது கணு வரைக்கும் ஈரம் பார்ப்பார். தொட்டியைக் கையில் ஏந்தி எடை பார்ப்பார். மார்கழிப் பனியில் கொடி அப்படியே நின்றது, ஒரு இலை கூட விடவில்லை. "குளிருது போல" என்று அதனிடம் முணுமுணுத்ததை என் காதால் கேட்டேன். என்னிடம் கேட்டிருந்தால் எனக்கும்தான் குளிர்ந்தது. தையில் மாவுப்பூச்சி வந்தது. பஞ்சில் வேப்பெண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு கணுவாகத் துடைத்தார். அப்படியும் மாசியில் கொடி போய்விட்டது. அவர் அட்டை எழுதவில்லை. வெறும் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போல இருந்தது. ஏதாவது கேட்டால் "ம்" என்பாரே என்று போகவில்லை.

பங்குனியில் ஒரு நாள் பதினோரு மணி ஆகப்போகும்போது சட்டையை பேண்டுக்குள் விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னைக்கு எடுக்கப் போறேன்."

"என்னத்தை?"

"பாஸ் இல்லாம."

அவர் லிஃப்டில் இறங்குவதற்குள் மாவுக்காரிக்கு போன் போட்டேன். "வராரு, நீ உள்ளே போயிடு" என்றேன். "அப்பாடா" என்று வைத்துவிட்டாள். நான் பால்கனிக்கு ஓடினேன். மேலேயிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

பதினோரு மணி வெயிலில், தெருவே பார்க்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் வாசலுக்குள் போனார். கத்திரி கல்மேல் தயாராக இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. அது அவள் கருவி, எடுத்தால் அது வேறு திருட்டு என்று நினைத்திருப்பார். கையாலேயே கொடியைப் பிடித்து இழுத்தார். மரத்தோடு வேர்விட்டு ஒட்டியிருந்த கொடி வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை மரத்தில் ஊன்றி இழுத்தார். முருங்கைக் கிளையின் பலம் எல்லோருக்கும் தெரியும். படீரென்று ஒரு பெரிய கிளை ஒடிய, கிளையோடு பத்துப் பதினைந்து முழம் கொடியும் சரிந்து அவர் தலைமேல் விழுந்தது. கொஞ்ச நேரம் இலைதான் தெரிந்தது. பிறகு நடுவில் கண்ணாடி தெரிந்தது.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்தில் இரண்டு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று. ஒடிந்த கிளை வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு பக்கம் பிரித்தால் இன்னொரு பக்கம் இறுகியது. என் போன் அடித்தது. மாவுக்காரி கிசுகிசுத்தாள்.

"யக்கா, அண்ணாத்தே மாட்டிகினாரு. நா போயி எடுத்து வுட்டா பாத்தமாரி ஆயிடும், திருட்டு கெட்டுப் பூடும். இன்னா பண்றது?"

"நீ வெளியே வராதே" என்றேன். அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டேன். இத்தனை மாதமாகப் பொத்திப் பொத்திப் பார்த்த திருட்டு, அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசியில் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?"

உள்ளேயிருந்து அவள் குரல் கணீரென்று வந்தது.

"ஊட்ல யாரும் இல்ல!"

நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். வயிறு வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போது கீழேயிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தேன். இலைக் குவியலுக்குள் நின்றபடி அவர் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவளும் சிரித்தாள், வீட்டில் யாரும் இல்லாமலே.

எப்படியோ பிரித்துக்கொண்டு, கிளையைத் தாண்டி, முழுக் கொடியையும் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு கணுவுக்கும் கீழே கத்தியால் நறுக்கினார். நான் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச ஆரம்பித்தார் பாருங்கள். மரத்தில் ஏறினால் இலை பெரிசாகும், தொங்கவிட்டால் சிறுத்துவிடும், அது இந்த ஜாதியின் குணம் என்றார். "அங்க இருந்தவரைக்கும் டூட்டி. நம்ம வீட்டுக்கு வந்தா ரிட்டயர்டு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தெருவில் ஒரு நாய் பார்த்ததாம், சாட்சி சொல்லிவிடுமோ என்று பயந்தாராம். என் காபியில் டிகாக்‌ஷன் தூக்கல் என்றார். நேற்றைய ரசத்தில் புளி அதிகம் என்றார். சொல்லட்டும், இன்னும் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "இத்தனை நாள் ஏன் பேசலை நீங்க? நான் எவ்வளவு பயந்து போயிட்டேன் தெரியுமா? ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

அவர் கத்தியை நிறுத்தினார்.

"நீதானே என் வாயை அடைச்சே" என்றார்.

"நானா?"

"சாமான் இறக்கின அன்னைக்கு பால்கனியில நின்னு சொன்னே. முப்பது வருஷம் இருந்துட்டு கடைசியில ஒரு பிடி மண்ணு இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களேன்னு. சொல்லிட்டு உள்ள போயிட்டே. வாங்கினது நான்தானே. அதுக்கப்புறம் நான் எந்த வாயை வெச்சுக்கிட்டு உப்பு இல்லைன்னு சொல்றது?"

எனக்கு அது நினைவிலேயே இல்லை. சொல்லியிருப்பேன். சாமான் ஏற்றி இறக்கிய அலுப்பில், யார் மீதோ எரிந்து விழ வேண்டும் என்று விழுந்திருப்பேன். என் வாய் அப்படி. சொன்ன கையோடு நான் மறந்துவிட்டேன். அவர் அதை வைத்துக்கொண்டு பதினோரு மாதம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஒரு கொடியாவது நல்லா வந்துட்டா உனக்கு இந்த வீடு பிடிச்சுப் போயிடும்னு நெனச்சேன்" என்றார். "பாஸ் எழுதினா வளர மாட்டேங்குது. என்ன பண்ணச் சொல்றே?"

பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"எனக்குக் கோபமே இல்லைங்க" என்றேன். "அன்னைக்கே மறந்துட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். காதோரத்தில் இன்னும் ஒரு முருங்கை இலை ஒட்டியிருந்தது.

"இதை அப்பவே சொல்லியிருந்தா நான் திருடியே இருக்க மாட்டேனேம்மா" என்றார்.